மச்சான் பிடிக்கிற கயிறு

சங்கு குளிக்கிற ரோச் மூன்று வாரமாகக் கடலுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் காதுவலி என்றார். தூத்துக்குடியில் காதுவலி இல்லாத குளியாள் எவன்? அதற்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்தால் கடலில் மீன் மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் ரோச்சை யாரும் குடைந்து கேட்கவில்லை. முப்பது வருஷம் முங்கியவர். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலேயே பேர் வாங்கியவர்.

உண்மை வேறு. அவருக்குப் பயம் வந்துவிட்டது.

குளியாள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்கவேண்டும் என்பது அந்தக் கடற்கரையின் பழைய வழக்கம். அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள், மச்சானைத்தான் நம்புவார்கள். ஏன்? கயிறு கைநழுவினால் தாலியறுப்பது அவனோடு கூடப்பிறந்தவள் அல்லவா! இளவட்டங்கள் கயிறே இல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிக்கத் தொடங்கிவிட்ட காலத்திலும் ரோச் கயிறில்லாமல் இறங்கமாட்டார். இருபது வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்தவன் மனைவியின் தம்பி இனிகோ. அவனுக்குப் பம்பாயில் கப்பல் வேலை கிடைத்தது, போய்விட்டான். அவன் இடத்துக்குக் கூலிக்கு வந்த அற்புதமணி என்ற புண்ணியவான், கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு பீடிக்கு நெருப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கீழே ரோச் மூச்சு முட்டி இரண்டு முறை இழுத்தார், மறுபடியும் இரண்டு முறை இழுத்தார். மேலே அசைவே இல்லை. தானாக உதைத்து ஏறி வந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம்.

அன்றோடு சரி. புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடலைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

அது எழுபத்தைந்தாம் வருஷம். மகளிர் ஆண்டு என்று ஊரெல்லாம் சுவரொட்டி. ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு பாட்டு நாடகம், சரித்திரத்துப் பெண்களைப் பற்றி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குழு. மகள்கள் இரண்டு பேரும், பெரியவள் பிளாரன்ஸும் சின்னவள் பிலோமியும், ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"ஏங்க, சும்மாதான இருக்கிய? பிள்ளயளக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி அமலோற்பவம். அந்தச் 'சும்மா' ரோச்சுக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டார்.

மண்டபம் நிறையப் பெண்கள். ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்த ரோச்சுக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரை விலகியது. அடேயப்பா! ஆர்மோனியத்தில் ஒரு பெண், மிருதங்கத்தில் ஒரு பெண், மீசை ஒட்டிக்கொண்டு தளபதியாக வந்தவளும் பெண். ஏசு பட்ட பாடுகளைக் காட்டும் அவர் ஊர்ப் பாஸ்கு நாடகத்தில் மாதாவாகக்கூட மீசை மழித்த ஆம்பளைதான் வருவான். போன வருஷ மாதாவுக்குத் தொண்டை கட்டி, அழுகிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இங்கே மங்கம்மாள் அரியணையில் உட்கார்ந்து பாடினாள். வேலு நாச்சியார் வாளை ஓங்கிப் பாடியபோது ரோச்சுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை பேர் இருந்தார்களா? இவ்வளவு செய்தார்களா? நமக்கு யாரும் சொல்லவில்லையே! பிலோமி வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். தானும் அப்படித்தான் இருப்பது ரோச்சுக்குத் தெரியாது.

பிறகு பேர்கூட இல்லாத ஒரு படைப்பெண் வந்தாள். பகைவர் கோட்டைக்குள் உளவு பார்க்க இறங்குகிறாளாம். மூங்கில் கட்டி எழுப்பிய மதில், இரண்டு ஆள் உயரம். மேலே ஒரு சிறுமி கயிற்றைப் பிடித்திருக்க, அவள் பாடிக்கொண்டே இறங்கினாள். எல்லாரும் பாடுகிறவளைப் பார்த்தார்கள். ரோச் கயிற்றைப் பார்த்தார். பாதி மதிலில் கால் வழுக்கியது. கயிறு வெட்டி வெட்டி இரண்டு முறை அதிர்ந்தது.

இரண்டு இழுப்பு என்றால் குளியாளுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

"ரெண்டு இழுப்பு! தூக்குலே, தூக்கு!" ரோச் எழுந்து நின்று கத்திவிட்டார்.

மண்டபமே திரும்பியது, கொல்லென்று சிரித்தது. பிலோமி முகத்தைப் பாவாடைக்குள் புதைத்துக்கொண்டாள். ரோச்சுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் உட்காரும்போது ஒன்றைக் கண்டார். அத்தனை சத்தத்திலும் அந்தச் சிறுமி திரும்பவில்லை. பாடுகிறவளின் கால் தரையில் படும்வரை அவள் கண் கயிற்றைவிட்டு நகரவேயில்லை. இனிகோகூட இப்படிப் பிடித்ததில்லை! நாடகத்தின் மிச்சத்தை ரோச் பார்த்ததாகச் சொல்லமுடியாது.

முடிந்ததும் வெட்கத்தை விட்டு மேடைப் பக்கம் போனார். மகள்கள் பின்னால் போனார்கள். படைப்பெண்ணாக நடித்த சங்கரம்மாள் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயீ, கயிறு பிடிச்ச பிள்ள யாரு?"

"எம் மகதான் அண்ணாச்சி. வேற யாரு பிடிச்சாலும் நான் அதுல ஏறமாட்டேன்."

"பயமில்லையா?"

"பயந்தான். அதனாலதான் மகளப் பிடிக்கச் சொல்லுதேன்."

ரோச் அந்தச் சிறுமியிடம் குனிந்தார். "நான் கத்துனப்ப ஒனக்குத் திரும்பிப் பாக்கத் தோணலையா?"

"நீங்களா கத்துனிய?" என்றாள் அவள். "எனக்குக் கேக்கவே இல்லையே!"

கோயிலில் பூசைக்கு நிற்பதுபோல ரோச் கைகட்டி நின்றுவிட்டார்.

வீட்டுக்கு நடக்கையில் பிளாரன்ஸ் கேட்டாள். "அப்பா, ஒங்களுக்குக் காதுவலி இல்லன்னு எனக்குத் தெரியும். இனிகோ மாமா இருந்தா நாளைக்கே போவியள்லா?"

ரோச் நடையை எட்டிப் போட்டார்.

"மாமா கயித்த விட்டா அவுங்க அக்காவுக்குத் தாலி போவும். நான் விட்டா எனக்கு எங்கப்பா போவாரு. எதுப்பா பெருசு?"

"காலையில வெள்ளன எந்திச்சிரு, கயித்த நீயே பிடி" என்றார் முப்பது வருஷக் குளியாள், பதினேழு வயது மகளிடம்.

விஷயத்தைச் சொன்னால் அமலோற்பவம் குதிப்பாள் என்று அப்பாவும் பெரியவளும் பயந்தார்கள். அவள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏளா, கயித்தக் கால்ல மாட்டாத. கையில பிடி" என்றாள். ஆக, அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது!

மறுநாள் காலையில் கரையில் ரகளை. பெண்ணுக்கு வள்ளத்தில் இடமில்லை என்பதும் அந்தக் கடற்கரையின் வழக்கம்தான். வள்ளத்தை நடத்தும் தண்டல் கிருபாநிதி குறுக்கே நின்றார்.

"ஏலே ரோச், பைத்தியமா பிடிச்சிருக்கு? பொம்பள கால் பட்ட வள்ளத்துக்கு ஒரு சங்கு மாட்டுமா?"

"மாட்டாட்டி போவுது. எம் உசுரு யாரு கையில இருக்கணும்னு நான்தாம்வே சொல்லணும். அற்புதமணி பிடிச்ச லெச்சணத்த நீரும் பாத்தீருல்லா?"

கிருபாநிதி கடலைப் பார்த்துக் காறித் துப்பினார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

சங்கு கிடக்கும் கடலடித் திட்டான பாரில் வள்ளம் நின்றது. பிளாரன்ஸ் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிப் பிடித்தாள். பிடி இறுகியிருப்பதை ரோச் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு குதித்தார்.

தலை வெளியே வந்தபோது கிருபாநிதிதான் முதலில் எட்டிப் பார்த்தார். ரோச்சின் பை காலியாக இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லா!"

"கீழ சங்கு கிடக்குவே, கொள்ளையா கிடக்கு" என்றார் ரோச். அவர் கண் சிவந்திருந்தது, உப்புத்தண்ணீரால் மட்டுமல்ல. "நான்தான் எடுக்கல. கயித்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னுட்டேன். ஒரு இம்மி தளரலவே!"

பிளாரன்ஸுக்குக் கோபமான கோபம்.

"நல்லா இருக்குப்பா! என்னயப் பாக்கவா முங்குனிய? மூச்சப் பிடிச்சிட்டு இன்னொருக்கா போங்க. நான் இருக்கேம்லா."