முப்பத்தாறில் நாற்பத்தொன்று

பழைய கேமரா பைத்தியம் என்று சொன்னால் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் வரும். "நான் வாங்கலைப்பா, காப்பாத்துறேன்" என்பார். ஏழு கேமராக்களைக் காப்பாற்றியதில் பீரோவிலிருந்த மனைவியின் துணிகள் அட்டைப்பெட்டிக்குக் குடிபோயிருந்தன. கேமரா எல்லாமே சட்டைப்பையில் அடங்கும் ரகம். அவருடைய சட்டைப்பைகள் கிழிந்து தொங்குவது அதனால்தான்.

எட்டாவது கேமரா மனைவி ஓய்வுபெறும் வாரத்தில் தபாலில் வந்தது. 'ஒரே ஒரு கீறல்' என்று விற்றவர் எழுதியிருந்தார். பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கீறல் கேமராவை முழுச் சுற்று சுற்றி வந்திருந்தது.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருஷ வேலை. அழுக்கு மூட்டைகளோடு நிற்பவர்களை யார் படம் எடுப்பார்கள்? ஒருவரும் எடுத்ததில்லை.

"கடைசி நாள்ல எங்க ஆறு பேரையும் இஸ்திரி மெஷின் முன்னாடி நிக்கவச்சு ஒரு படம். ஒண்ணு போதுங்க."

மெக்கானிக் வந்தார். முதல் வேலையாக ஆறு பேரின் போன்களையும் பிடுங்கித் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டினார். கலைக்கு இடைஞ்சலாம். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவுக்குள் இரண்டாகத் தெரிந்த மனைவியை ஒன்றாக்க வளையத்தைத் திருகத் தொடங்கினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு யுகம். ஆவியில் ஆறு பேரும் வெந்தார்கள்.

"ஒரு ஃபிலிம் ரோல்ல முப்பத்தாறு படம்தான் வரும்னாங்க. நாப்பத்தொண்ணு ஆச்சு, இன்னும் போகுது! அந்தக் காலத்து ஆளுங்க தாராளமா செஞ்சிருக்காங்க!"

இஸ்திரி போடும் பெண் எட்டிப் பார்த்தார். "அண்ணே, எங்க மெஷின்ல துணி ஓடினா ரெண்டு உருளையும் சுத்தும். இதுல இந்தப் பக்கக் குமிழ் அசையவே இல்லையே?"

"இது கேமராம்மா. இஸ்திரி மெஷின் இல்ல."

கம்பி உருளையில் ஏறியிருக்கிறதா என்று தினம் பத்து லிஃப்டில் பார்த்துச் சம்பளம் வாங்கும் மனிதர் சொன்ன பதில் இது.

ஸ்டுடியோக்காரர் ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. "ஃபிலிம் நுனி உருளையில மாட்டவே இல்ல சார். நாப்பத்தொரு தடவையும் சும்மாதான் சுத்தியிருக்கீங்க."

அன்றைக்குக் கடைசியில் வந்த மூட்டை வண்டிக்காரரின் போன் மட்டும் உறைக்குள் போகாமல் தப்பியிருந்தது. அதில் ஒரு படம் இருந்தது. ஓரங்களில் ஐந்து பேர், நடுவில் குனிந்த மெக்கானிக், அவருக்குப் பின்னால் மனைவியின் ஒரு முழங்கை.

மனைவி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

"இதுல நீயே இல்லையேம்மா..."

"அதனால என்ன? உங்க வழுக்கை எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க."

துணிகள் பீரோவுக்குத் திரும்பிவிட்டன. எட்டுக் கேமராக்களும் ஒரு தலையணை உறைக்குள் பரணில் கிடக்கின்றன. கட்டியது மனைவி, சலவைப் பிரிவின் முடிச்சு. மெக்கானிக் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஏணியில் நின்று அதை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.