நடு அறைக் கூரையில் ஒரு முக்கோண ஓட்டை

எங்கள் தங்கச்சியைத் தன் நிழலில் சேர்த்துக்கொண்ட முருகப்பெருமானை வணங்கி, தங்கச்சியின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் ஒழுங்கையில் வாழும் எல்லாச் சமயத்து அயலவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. கடைக்கணக்கு எழுதுவேன், தேவாரம் பார்த்து வாசிப்பேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி என்னிலும் வயதில் குறைந்தவர். உயிரோடு இருந்த காலத்தில் அவரை நான் ஒருநாளும் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. இந்தத் தாளிலாவது கொடுக்கிறேன்.

தங்கச்சி பிறந்தது கொட்டாஞ்சேனையில். எங்கள் அப்பா அங்கே அரிசி, பருப்புக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. தங்கச்சி கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தார். வகுப்பில் அவர்தான் முன்னுக்கு. பெரியபிள்ளை ஆனதும் அப்பா படிப்பை மறித்துவிட்டார். அப்போது தங்கச்சி அழவில்லை. கடையில் சாமான் சுற்றக் கிடந்த பழைய பத்திரிகைகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நீர்மூழ்கிக் கப்பல், ஆகாய விமானம், கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பி என்று எது அகப்பட்டாலும் வாசித்து எங்களுக்குச் சொல்லுவார். கதை நடுவில் கிழிந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பாமன்கடையில் தபால் கந்தோர் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தோம். தங்கமான மனிதர். காய்ச்சலில் கொஞ்ச நாளிலேயே போய்விட்டார். பிள்ளை இல்லை. தங்கச்சி ஒரு தகரப் பெட்டியோடு வெள்ளவத்தைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்த பிறகு எங்கள் வீட்டு நடு அறையில் சனிக்கிழமை தோறும் ஒழுங்கைப் பிள்ளைகள் கூடத் தொடங்கினார்கள். தங்கச்சி அவர்களுக்குப் படிப்பித்ததாக நான் சொல்லமாட்டேன். அவர் எதற்கும் மறுமொழி சொல்லுவதில்லை. தேங்காய் துருவிக்கொண்டே ஒரு பத்திரிகைத் துண்டை வாசிப்பார். நல்ல கட்டத்தில் தாள் முடிந்துவிடும். "மிச்சம் என்ன மாமி?" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "எனக்கென்ன தெரியும்? மற்றப் பாதி கடையிலதான் கிடக்கும்" என்பார். ஒருநாள் ஒழுங்கை முகப்புக் கடைக்காரர் என்னை மறித்தார்.

"ஐயா, உங்கட வீட்டுப் பிள்ளையள் பருப்பு வாங்க வரேல்லை. பருப்பு சுத்துற கடதாசி வாங்க வருகினம். மூட்டைக்குக் கீழ எல்லாம் தலையை விட்டுத் தேடுதுகள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படி எத்தனையோ பேரிடம் நான் தங்கச்சிக்காகத் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். ஒரு பையன் கோவிலில் குருக்களிடம், "ஐயா, மணி நிண்ட பிறகும் ஏன் காதுக்குள்ள கேட்குது?" என்று கேட்டு அர்ச்சனையே தடைப்பட்டதற்கும் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் எனக்குப் பெரிய வெட்கம் அந்தக் கூரை. யப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்ட நாளில் எங்கிருந்தோ ஒரு இரும்புத் துண்டு பறந்து வந்து நடு அறை ஓடு ஒன்றின் மூலையை உடைத்துவிட்டது. சுண்டுவிரல் நுழையாத ஒரு முக்கோண ஓட்டை. யுத்தத்தில் ஓடு எங்கே கிடைத்தது? மழை நேரத்தில் கீழே சட்டி வைத்தோம். விருந்தாளிகள் வந்தால் நான் அவர்களை முன்னறையிலேயே இருத்திவிடுவேன். கடைசியில் எனக்கே அந்த ஓட்டை கண்ணில் படாத மாதிரி ஆகிவிட்டது.

தங்கச்சிக்கு அது சொத்து. வெயில் நேரத்தில் அதனூடாகத் தரையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெளிச்சம் விழும். அதைக் காட்டிப் பிள்ளைகளிடம் கேட்டார்: "ஓட்டை முக்கோணம். வெளிச்சம் ஏன் வட்டம்?" பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. புடவைக்கடை முஸ்லிம் முதலாளியின் மகள் ரஹ்மா தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தாள். "மூணு மூலையாத்தானே ஈக்குது! கீழ வரக்குள்ள என்னத்துக்கு உருண்டையாகுது? செல்லுங்க மாமி!" தங்கச்சி சொல்லவில்லை. "எனக்கு அடுப்பு கிடக்கு" என்று எழும்பிப் போனார்.

குண்டு விழுந்து இரண்டு வருடம் கழித்து ஆடி அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒரே நாளில் வந்தன. பஞ்சாங்கத்தில் நேரம் போட்டிருந்தது. என் மூத்த மகள் தலைப்பிள்ளைத்தாச்சியாக எங்கள் வீட்டில் இருந்தாள். கிரகணம் பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளக்கும், விரல் குறையும் என்று நாங்கள் நடுங்கினோம். என் சம்பந்தியம்மாவும் மருமகளோடு இருப்பதற்காகக் கல்கிசையிலிருந்து முதல்நாளே வந்துவிட்டார்.

விடியக் கடலுக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து வீட்டை அடைக்கத் தொடங்கினேன். நடு அறைக்கு யன்னல் இல்லை. ஆகவே மகளை அங்கே இருத்தச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் தங்கச்சி சொன்னார்: "அண்ணை, நடு அறை வேண்டாம். முன்னறை யன்னலைச் சாத்திப்போட்டு அங்க விடுங்கோ."

"எனக்குப் படிப்பிக்காதை. உன்ர வாண்டுகளோட வளவுக்குள்ள நில்" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் கதவு இடுக்குக்கெல்லாம் சாக்கு அடைத்தேன். திறப்புத் துவாரத்துக்குப் பஞ்சு வைத்தேன். ஒரு பொட்டு வெளிச்சமும் உள்ளே வராது என்று நினைத்தேன். அறை கும்மென்று இருண்டது. வெளியே இருந்து தேவாரம் படித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி வளவில் பிள்ளைகளைக் குனியவைத்து, இடியப்பத் தட்டின் கண்களால் மணலில் விழும் வெளிச்சங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் சத்தம்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அந்த இருட்டுக்குள், மகளின் மடியில், எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு வெளிச்சம். நான் அறையை இருட்டாக்க இருட்டாக்க அது அவ்வளவு துலக்கமாக விழுந்திருக்கிறது. மகள் பயப்படவில்லை. கையை ஏந்திப் பிடித்தபடி, "அப்பா, பாருங்கோவன், சூரியனை ஆரோ கடிச்சுப் போட்டினம்" என்றாள்.

பின்னாலேயே பிள்ளைகள் புகுந்துவிட்டார்கள். ரஹ்மா ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குதித்தாள். "மாமி! மாமி! வெளங்கிட்டுது! அது ஓட்டைட வட்டமில்ல, சூரியன்ட வட்டம்! சூரியனே உள்ளுக்கு வந்தீக்கி!"

இத்தனை கிழமையாகத் தங்கச்சி காத்திருந்த மறுமொழி அது. அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அதே வார்த்தை சம்பந்தியம்மாவின் தலையில் இடியாக விழுந்தது.

"கேட்டியளே அண்ணை! சின்னப் பிள்ளையே சொல்லுது! அடைச்ச வீட்டுக்குள்ள உங்கட தங்கச்சி கிரகணத்தைக் கூட்டிக்கொண்டு வந்திட்டா! இனி இந்தப் பட்டாளம் இஞ்ச வரக்கூடாது. அவ என்ர மருமகளுக்குக் கிட்டவும் போகக்கூடாது."

கூரை என்னுடையது. நடு அறை என்று சொன்னதும் நான். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் "ஓம்" என்றேன்.

தங்கச்சி பிள்ளைகளை வாசல் படலை வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிட்டுக் குசினி அடுப்படிக்குள் போனார். சம்பந்தியம்மாவைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் பயத்தில் சொன்னார். எனக்கு இருந்ததும் பயம்தான், ஆனால் அது வேறு பயம். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

கார்த்திகை வரை எங்கள் வீட்டில் சனிக்கிழமை இல்லை. தங்கச்சியின் பாய் மட்டும் நடு அறையில் கிடந்தது. கார்த்திகையில் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சம்பந்தியம்மா விளக்கைக் கிட்டப் பிடித்து உதட்டைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "ஒரு குறையும் இல்லை, முருகா" என்று அழுதார். குசினிக் கதவுக்குப் பின்னால் தங்கச்சி நின்றார். உள்ளே வா என்று எங்களில் ஒருவரும் கூப்பிடவில்லை.

துடக்குக் கழிந்த அன்று சம்பந்தியம்மாவே பேரனைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கச்சியின் மடியில் வைத்தார். "நீங்களும் ஒருக்கா விரலைப் பாருங்கோ மச்சாள்" என்றார். தங்கச்சி சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "அண்ணை, சனிக்கிழமை பிள்ளையள் வரலாமோ?"

வந்தார்கள். தங்கச்சி தன் பாயைச் சுருட்டினார். தரையில் தெற்குச் சுவர்ப் பக்கம் தொடங்கி வடக்கு நோக்கி வரிசையாகக் கரிப்புள்ளிகள். அத்தனை மாதமும், நாங்கள் அவரை ஒதுக்கி வைத்திருந்த காலம் முழுக்க, மத்தியானத்தில் வட்டம் விழுந்த இடத்தை அவர் தனியே குறித்து வந்திருக்கிறார். "நீங்கள் இல்லாத நேரம் இவர் எங்க நடந்து போயிருக்கிறார் பாருங்கோ" என்றார். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு குனிந்தார்கள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகக் கூசியது.

போன வருடம் நெருப்புக் காய்ச்சல் வந்தது. தொற்றும் என்று பிள்ளைகளை உள்ளே விடவில்லை. ரஹ்மா குசினிப் பக்கத்தால் வந்து கதவில் நின்று, வட்டம் இன்றைக்கு எங்கே என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். கடைசி நாளும் கேட்டார். திருநீறு பூசிவிட்டேன். அமைதியாகப் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்து, "இப்படி ஒரு தங்கச்சியை வைச்சு எங்கட பிள்ளையளுக்கு வாசிப்பில, விஞ்ஞானத்தில ஆசை வர வைச்சீங்கள்" என்றார்கள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. அந்தப் புகழ் எனக்குரியது அல்ல என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியர் ஐயாவுக்கும், தேநீரும் சாப்பாடும் அனுப்பிய புடவைக்கடை முதலாளி வீட்டாருக்கும், எட்டாம் நாள் வரை எங்களோடு தங்கிய சம்பந்தியம்மாவுக்கும், கிழிந்த பத்திரிகைகளைப் பிள்ளைகளுக்கென்று இன்றும் எடுத்து வைக்கும் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படலைக்கு வெளியே வரிசையில் நின்று அழுத ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு நன்றி என்று சொன்னால் போதாது.

இந்தத் திதிக்கு வீடு திருத்த ஓடு வேலைக்காரர் வந்தார். இப்போது ஓடு கிடைக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்தவர் நடு அறைக்கு மேலே நின்று, "இதையும் மாத்தவா, ஐயா?" என்று கேட்டார்.

"அதை விடும்" என்றேன்.

"மழை ஒழுகுமே?" என்றார் என் மனைவி.

"சட்டி வைப்பம்."

கிரகணத்துக்கு நான் இன்றும் முழுகுகிறேன், விரதம் இருக்கிறேன். அதை விடமாட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் நடு அறையில் பாய் போடுகிறேன். பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வட்டம் ஏன் வட்டம் என்று ரஹ்மா பல தடவை சொல்லியும் எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. போன கிழமை என் பேரன், ஒரு குறையும் இல்லாத தன் விரல்களால் அந்த வெளிச்சத்தைக் கிள்ளி எடுக்கப் பார்த்தான். வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஓட்டை முக்கோணம், ராசா. வெளிச்சம் ஏன் வட்டம்?" என்று அவனிடம் கேட்டேன்.