மாத்திரைக்கு வந்த சுகர்

போன மாதம் ஒரு நாள் காலையில் என் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சூரிய உதயம், ரோஜாப்பூ, வேத வசனம் – இந்த மூன்றுக்கும் அடுத்ததாக.

ஒரு பெண் குரல். நிதானமான, தெளிவான குரல். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை அளவைப் பாருங்கள், காலையில் மட்டும் பார்த்தால் போதாது என்றது.

எனக்கு சுகர் இல்லை. என் மனைவிக்கும் இல்லை. அனுப்பியவருக்குத்தான் இருக்கிறது.

அனுப்பியவர் என் மாப்ள ஜெயசீலன். தங்கை எஸ்தரின் கணவர். பசுமலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். நல்ல மனிதர். காலையில் எழுந்ததும் ஆறேழு வாட்ஸ்அப் குரூப்புக்கு வசனமும் ரோஜாவும் அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குவார். ஒரு நாள் ரோஜா வரவில்லை என்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் போட்டு, "மாப்ளைக்கு உடம்புக்கு முடியலையா?" என்று விசாரிப்பார்கள்.

ஒரு தடவை நிஜமாகவே முடியாமல் போயிற்று. இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ், ஆஸ்பத்திரி, மறுபடி டயாலிசிஸ்... கடைசியில் எஸ்தர் தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்தது மனைவி என்பதால் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. நம் ஊரில் அப்படித்தானே?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் உடம்பு இருக்கிறதே, அது சந்தேகப் பேர்வழி. புதுக் கிட்னியை யாரோ அந்நியர் என்று நினைத்து விரட்டப் பார்க்கும். அதைச் சமாதானமாக வைத்திருக்க ஸ்டீராய்டும் இன்னும் சில மாத்திரைகளும் விடாமல் போட வேண்டும். அந்த மாத்திரைகளுக்கு ஒரு குணம். சிலருக்கு சுகரைக் கொண்டுவந்துவிடும். மாப்ளைக்குக் கொண்டுவந்தது.

இந்த மாதிரி ஆட்களுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல ஏற்பாடு. சும்மா சும்மா மருத்துவமனைக்கு அலைய வேண்டாம். தினமும் காலையில் போனுக்கே பாடம் வந்துவிடும். என்ன சாப்பிடலாம், எப்போது சுகர் பார்க்க வேண்டும், தலை சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நர்ஸ் பேசுவார். கேட்டுவிட்டு, மீட்டரில் வந்த எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மாப்ள எண்ணை அனுப்பவில்லை. கும்பிடும் கை படம் அனுப்பினார். தினமும்.

அதோடு விட்டாரா? அந்தப் பாடத்தை அப்படியே எல்லா குரூப்புக்கும் ஃபார்வேர்டு செய்தார். உறவினர் குரூப், சபை குரூப், பள்ளிக்கூட குரூப், வாக்கிங் குரூப். வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீர் குடித்தால் சுகர் போகும் என்ற செய்திக்கும், கொய்யா இலைக் கஷாயத்துக்கும் நடுவில் அந்த நர்ஸ் குரலும் ஊர் சுற்றியது. மாப்ள அதைக் கேட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். "நல்ல மெசேஜ் மச்சான், நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்" என்றார்.

ஊருக்கு உபதேசம் என்பார்கள். உபதேசம் செய்ய முன்னெல்லாம் வாயாவது வலித்திருக்கும். இப்போது கட்டைவிரல் போதும்.

ஏன் கேட்கவில்லை? அதற்கு மாப்ளையிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. "எனக்கு எங்க மச்சான் சுகரு? இது மாத்திரைக்கு வந்த சுகர்ல்ல?" என்பார். அதாவது சுகர் வந்தது மாத்திரைக்கு. இவர் அதை வயிற்றுக்குள் அனுப்பிவைக்கும் ஆள் மட்டும்தான்.

ஆதாரமும் வைத்திருந்தார். காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போவார். சமணர் மலை அடிவாரத்தில் வாக்கிங். (பைக்கில் போய் வாக்கிங் போவது மதுரைக்காரர்களின் தனி உடற்பயிற்சி.) திரும்பி வந்து வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் நார்மல். மீட்டரைப் படம் பிடித்து உறவினர் குரூப்பில் போடுவார். பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோரும் கைதட்டுவார்கள்.

காலையில் ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்கு காலை சுகர் சாது மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல்தான் ஆட்டம் போடும் என்பதை அந்த நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மாப்ளையைத் தவிர.

இந்த நிலையில் வில்லாபுரத்தில் எங்கள் பெரியப்பா பேத்தி கல்யாணம். மண்டபத்தில் பந்தி. மட்டன் பிரியாணி, பிரெட் அல்வா. எனக்குப் பக்கத்து இலையில் மாப்ள. அவருக்கு அந்தப் பக்கம் சாமுவேல் சார் – மாப்ள வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார்.

அல்வா இரண்டாவது தடவை வந்தபோதும் மாப்ள இலையைக் காட்டினார். நான் முறைத்தேன். அவர் என் காதருகே குனிந்து, ஏதோ பரீட்சை வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டவர் போல, ரகசியமாகச் சொன்னார்:

"இன்னிக்குக் காலைல மாத்திரையே போடல மச்சான். மாத்திரை இல்லன்னா சுகரும் இல்லல்ல?"

கையில் எடுத்த பிரியாணியை இலையிலேயே வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான். உள்ளே இரண்டு மேஜையில் இரண்டு பேர். ஒன்று மாப்ள, இன்னொன்று என் தங்கச்சி. அவளிடமிருந்து எடுத்துத்தான் இவருக்கு வைத்தார்கள். அதை இவர் பிரெட் அல்வாவுக்காகப் பணயம் வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

எஸ்தர் நாலு இலை தள்ளி சொந்தக்காரர்களை விசாரித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிடுவதா, பந்தி முடியட்டும் என்று இருப்பதா என்று யோசித்தேன். அதற்குள் சாமுவேல் சார் மாப்ளையின் தோளைத் தட்டினார்.

அவர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். மூச்சுத் தொந்தரவுக்காக அவரும் கொஞ்ச காலமாக ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறாராம். மாப்ள அனுப்பும் குரலைக் கேட்டுத்தான் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் பார்த்தாராம். மீட்டரைப் பார்த்ததும் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். உடனே டாக்டரிடம் போனாராம், இப்போது சுகர் கட்டுக்குள் இருக்கிறதாம். "எனக்குன்னு நினைச்சு அனுப்பியிருக்கீங்களே ஜெயசீலன்" என்றபோது அவர் கண் கலங்கியது.

மாப்ள அடக்கமாகத் தலையை ஆட்டினார்.

"உங்களுக்கு மதியம் எம்புட்டு வருது?" என்று சார் கேட்டார்.

மாப்ள பிரியாணியில் எலும்பு தேடினார்.

கணக்கு வாத்தியார் விடை வராமல் விடுவாரா? நேற்று வந்த பாடம் இன்னும் முக்கியம் என்று சொல்லி, இடது கையால் போனை எடுத்து சத்தமாகவே போட்டுவிட்டார். அதே நிதானமான குரல். "மாத்திரையால் சர்க்கரை வந்தது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளை கூட. நிறுத்தினால் வைத்த கிட்னியே போய்விடலாம்."

நிமிர்ந்து பார்த்தால் எதிரே எஸ்தர். மாப்ள முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எப்போதுமே காட்டிக்கொடுத்துவிடும்.

"காலைல போட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாப்ள அல்வாவை இலை ஓரத்துக்குத் தள்ளினார். எஸ்தர் சத்தம் போடுகிறவள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"என்னங்க... சுகர் மாத்திரையால வந்துச்சு. மாத்திரை கிட்னியால வந்துச்சு. கிட்னி எங்கிட்ட இருந்து வந்துச்சு. வேணாம்னா சொல்லிருங்க, திருப்பி வாங்கிக்கிறேன்."

பந்தியில் ஒருவரும் அல்வா கேட்கவில்லை.

எஸ்தர் மண்டபத்து வராண்டாவுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்தது அந்தக் குரல்தான். விடுபட்ட மாத்திரையை உடனே போடச் சொன்னார், மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். மாத்திரை எஸ்தரின் ஹேண்ட்பேக்கிலேயே இருந்தது. எப்போதும் இருக்குமாம். அது மாப்ளைக்கே தெரியாது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சாமுவேல் சார் தன் மீட்டரிலேயே மாப்ளைக்குப் பார்த்தார். வந்த எண்ணை எழுதக் கூடாது என்று எஸ்தர் உத்தரவு. படிக்கிறவர்களுக்கு மயக்கம் வரும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் ரிப்போர்ட் வரும்வரை நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருந்தோம். அன்று காலை மாப்ள ரோஜாகூட அனுப்பவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கிட்னிக்கு ஒன்றுமில்லை என்றார். தினமும் காலையில் போட ஒரு இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்தார். எஸ்தர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மாப்ள அவள் பக்கத்தில் நின்று, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவள் ஹேண்ட்பேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தால், அந்த நர்ஸ் பேசியதில் குறை ஒன்றும் இல்லை. சாமுவேல் சார் பிழைத்தது அதே குரலைக் கேட்டுத்தான். அது தெரிந்தவரிடமிருந்து வந்ததால், தனக்கென்றே வந்தது என்று நம்பிக் கேட்டார். மாப்ளைக்கு நிஜமாகவே அவருக்கென்று வந்தது. அதனால்தானோ என்னவோ, அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்.

இப்போது மாப்ள திருந்திவிட்டார். பாடத்தை முழுக்கக் கேட்கிறார். மதியம் ஆபீஸிலேயே விரலைக் குத்தி, எண்ணை அனுப்புகிறார். ஃபார்வேர்டும் தொடர்கிறது, சாமுவேல் சாருக்குப் பாடம் வர வேண்டுமே!

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆனதும் அவருக்கு வீட்டிலிருந்து இன்னொரு மெசேஜ் வரும். போன ஞாயிற்றுக்கிழமை தயங்கித் தயங்கி எனக்குக் காட்டினார். ரோஜா இல்லை, சூரிய உதயம் இல்லை. "என் கிட்னி எப்படி இருக்கு?" என்று எஸ்தர் கேட்டிருந்தாள்.

அதை மட்டும் அவர் எந்த குரூப்புக்கும் அனுப்புவதில்லை.