அடிபம்பு மாதிரி

“விளம்பரம் அடிபம்பு மாதிரி சார். முதல்ல மேல ஒரு சொம்பு ஊத்தணும், அப்பதான் கீழேர்ந்து தண்ணி வரும்” என்றான் என்னோடு வேலை பார்க்கும் கார்த்தி. எங்கள் அடையாறு அலுவலகத்தில் சற்றுமுன் என் நாற்பது ஸ்லைடுகளுக்குக் கொட்டாவி விட்ட அதே வாடிக்கையாளர், சிரித்துத் தலையாட்டினார். என் உள்ளங்கையில் பழைய துருவாடை அடித்தது.

சின்ன வயதில், கோபாலபுரத்தில் எங்கள் தெரு அடிபம்பில் தினமும் காலையில் பத்துக் குடம் அடித்தவள் நான். கை காய்த்துப்போகும் என்று தங்கை வசந்தி அந்தப் பக்கமே வரமாட்டாள். பள்ளிக் கண்காட்சியில் இதய வால்வுகளின் பெயர்களை நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன், யாரும் நிற்கவில்லை. பக்கத்து மேசையில் வசந்தி, “வால்வுன்னா அடிபம்பு வாஷர் மாதிரி மிஸ். மேல வந்த தண்ணியைத் திரும்பக் கீழ விடாது” என்றாள். பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அவளுக்குக் கிடைத்தது.

“வாஷர் மாத்துறப்ப கூட நின்னது நான்தாம்மா” என்று வீட்டில் அழுதேன்.

“அப்ப நீயே சொல்லியிருக்கலாமேடி” என்றாள் அம்மா.

“இனிமே இந்த கிளையன்ட்டைக் கார்த்தி பாத்துக்கட்டும்” என்றார் மேனேஜர், கூட்டம் முடிந்ததும். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். கார்த்தி அடிபம்பைத் தொட்டிருக்கவே மாட்டான். வசந்தியும் தொட்டதில்லை. தொட்ட எனக்குத்தான் இரண்டு தடவையும் அது தோன்றவில்லை.