காதை மூடாத ஹெட்போன்

எனக்குக் கேட்டது. அக்கா அன்று அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்கவே இல்லை என்று வீட்டில் எல்லோரையும் இன்றுவரை நம்ப வைத்திருக்கிறேன்.

இதை முதலிலேயே உங்களிடம் போட்டு உடைத்துவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் பேசிப் பேசி உங்களை என் பக்கம் இழுத்துவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தக்காளியும் மரவள்ளியும் போடுகிற நிலம். அக்கா ஜெசிந்தா தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். நான் அரூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் டி.ஜே. ஆகிவிடும் கனவில் மிதந்தவன்.

அந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் நமக்கு மட்டும் கேட்டுத் தாளம் பொருத்தி, இரண்டுக்கும் ஒட்டுத் தெரியாமல் மாற்ற வேண்டும். ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது. அதற்கான சிறிய கருவி ஒன்றைப் பழையதாக வாங்கி, கூடத்து மேசையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நல்ல ஹெட்போன்தான் இல்லை.

அதை வாங்க ரயிலேறிச் சேலம் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது காதை முழுதாக மூடுகிற வகை. மாட்டியதும் வெளிச்சத்தம் அடங்கிப்போனது. ஆனால் இடுக்கியால் பிடித்ததுபோல் மண்டை வலித்தது, காது வியர்த்தது. அடுத்து வேறொன்றை மாட்டிப் பார்த்தேன். ஆகா! கனமே இல்லை. காதில் படுகிற மெத்தை பருத்தித் துணியில் இருந்தது. வெளிப்பக்கம் மூடாமல் வெறும் வலை மட்டும் போட்டிருந்ததால் காற்றோட்டமாக இருந்தது. பாட்டு காதுக்குள் அடைத்துக்கொள்ளாமல், எதிரே நின்று யாரோ பாடுவதுபோல் விரிந்து கேட்டது.

“இது டி.ஜே.வுக்கு ஆகாதுங்க. பின்னாடி தொறந்திருக்குது பாருங்க, வெளிச்சத்தம் பூரா உள்ள வந்துரும்” என்றார் கடைக்காரர்.

“வூட்ல பழகறதுக்குத்தானுங்க” என்றேன். சுகமாக இருந்தது, நன்றாகப் பாடியது, வேறென்ன வேண்டும் எனக்கு? அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் பாட்டைப் பெரிதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது உண்மையாகவே காதில் விழவில்லை. வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். “காதுல கிண்ணத்தக் கவுத்துக்கிட்டான், இனி இடி வுழுந்தாலும் இவனுக்குக் கேக்காது” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அன்றோடு வீட்டில் அது முடிவாகிவிட்டது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கூடத்து விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள்.

நான் திருத்தினேனா? எதற்குத் திருத்த வேண்டும்! எவ்வளவு வசதி!

“டேய், மோட்டார நிறுத்திட்டு வாடா” என்று அப்பா வாசலிலிருந்து கத்துவார். நன்றாகக் கேட்கும். தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். முணுமுணுத்துக்கொண்டு அவரே கிணற்றடிக்கு நடப்பார். மாதா கோயில் பாடற்குழுவில் ஆள் குறைகிறது என்று உபதேசியார் தேடி வருவார்; என் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

இன்னொரு சுவையும் இருந்தது. என்னை வைத்துக்கொண்டே எதையும் பேசினார்கள். அப்பாவைப் பற்றி அம்மா, சித்தியிடம் குறைபட்டுக்கொள்வாள். அக்கா தோழியிடம் போனில் கதை அளப்பாள். மேசை நாற்காலியைப்போல் நானும் கூடத்தில் ஒரு பொருள். அதில் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்...

அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. நிச்சயமும் முடிந்தது. திருமணத்தன்று மாலை வரவேற்பு. “வெளியாளு எதுக்கு? நம்ம தம்பியே பாட்டுப் போடட்டும்” என்று அப்பா சொன்னபோது நான் தரையில் இல்லை! அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் டி.ஜே. என்று அச்சிட வைத்தேன். தருமபுரியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் இனி அவர் போகும் கல்யாணங்களுக்கெல்லாம் நான்தான்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரைப் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்பார். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் அது நடந்தது.

அப்பா வயலுக்குப் போயிருந்தார். நான் கூடத்தில் ஹெட்போனை மாட்டி, ஒலியைக் குறைத்து வைத்து, வரவேற்புக்கான பாட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைக்குக் கதவு கிடையாது. அக்கா அம்மாவிடம் பேசத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை போன் பண்ணும்போது அவள் வார்டில் வேலையாக இருந்து எடுக்காவிட்டால் கண்டபடி ஏசுகிறாராம். யாரோடு இருக்கிறாய் என்று கேட்கிறாராம். பிறகு மன்னிப்புக் கேட்கிறாராம். மறுநாள் திரும்பவும் அதேயாம். கல்யாணத்துக்குப் பிறகும் இப்படிச் செய்தால் கையை உடைப்பேன் என்றாராம். “எனக்குப் பயமா இருக்குதும்மா... வேணாம்மா இது...” என்று அழுதாள்.

“ஓலை வாசிச்சாச்சு ஜெசி. இப்பப் போயி நிறுத்துனா ஊருல என்னா பேசுவாங்க? உனக்கு அப்புறம் யாரு வருவா?” இது அம்மா.

“அப்பாகிட்டச் சொல்லும்மா.”

“நான் சொன்னா அந்த மனுசன் கேட்டுக்குவாரா? உன் தம்பி சொன்னாத்தான் கேப்பாரு.”

அது உண்மை. அப்பா கோபக்காரர், ஆனால் என் பேச்சுக்கு மட்டும் நின்று காது கொடுப்பார். ஒரே மகன் என்கிற சலுகை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நின்றிருக்கும்.

“அவங்கிட்டச் சொல்லட்டுமா?” என்றாள் அக்கா.

அவள் எழுந்து கூடத்துப் பக்கம் வந்தாள். எனக்குப் பின்னால் நின்றாள். லேப்டாப் திரையில் மங்கலாக அவள் உருவம் தெரிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு சுவிட்சுக்குக் கை நீட்டினால் போதும்.

கேளுங்கள். அந்த நேரம் என் காதில் பாட்டே இல்லை! ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்து வெறும் நிசப்தம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இல்லாத பாட்டுக்குத் தாளம் போட்டு, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு, ஆட்டிக்கொண்டே இருந்தேன்...

“வேணாம் வுடு. அவன் பாட்டுக்கு சந்தோசமா இருக்கான், அவன் மனசையும் எதுக்குக் கெடுக்கற?” என்றாள் அம்மா.

அக்கா உள்ளே போய்விட்டாள். நான் அடுத்த பாட்டை எடுத்து ஓட விட்டேன், ஒலியையும் கூட்டினேன்.

ஏன்? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். அம்மா அண்டை அயலுக்குப் பயந்தாள். எனக்கு அந்தப் பயம்கூட இல்லை. கல்யாணம் நின்றால் வரவேற்பு இல்லை. வரவேற்பு இல்லையென்றால் மேடை இல்லை, டி.ஜே. இல்லை. அவ்வளவுதான்! என் அக்காவின் வாழ்க்கைக்கு எதிரே தராசில் நான் வைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டபோது ஆண்கள் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். இரத்த உறவு, ஏற்கெனவே நடந்த கல்யாணம், இவைதான் தடை. பெண்ணுக்குப் பயமாக இருப்பதெல்லாம் இதில் சேராது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் அக்கா முக்காடு போட்டுக் குனிந்திருந்தாள். பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, “பாட்டெல்லாம் ரெடியாடா?” என்று கேட்டாள்.

வரவேற்பு எப்படி நடந்தது என்று அறிய ஆவலா? கேவலமாக நடந்தது! பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் அதிர, அந்தத் திறந்த ஹெட்போனில் அடுத்த பாட்டு எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. மூடிய வகையைக் கடைக்காரர் ஏன் முதலில் எடுத்து வைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு பாட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஆடிய பையன்கள் நின்று ஊளையிட்டார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் சாப்பிடப் போய்விட்டார். மணமேடையில் மாலையோடு நின்ற அக்கா மட்டும் எனக்காகக் கை தட்டினாள்.

அந்தக் கைதட்டலை நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் இப்போது ஓசூரில் இருக்கிறாள். வேலையை விட வைத்துவிட்டார்கள். அடிக்கிறாரா என்று கேட்டால், “சேச்சே, கத்துவாரு, அவ்வளவுதான்” என்கிறாள். நான் மேற்கொண்டு கேட்பதில்லை. அம்மாவோடு அவள் சரியாகப் பேசுவதில்லை. அப்பாவோடும் மட்டு மரியாதையான பேச்சுதான். என்னோடு மட்டும் பழையபடி சிரித்துப் பேசுகிறாள். ஒரு முறை போனில் சொன்னாள்: “உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அப்பவே நிறுத்தியிருப்படா. உங்கிட்டச் சொல்லாம வுட்டது என் தப்புதான்.”

என் தப்பு என்றாள்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? “என்னக்கா சொல்ற, என்ன விசயம்?” என்று ஒன்றும் அறியாதவன்போல் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். நான் “அய்யோ... அய்யோ...” என்று கேட்டுக்கொண்டேன். முன்பு ஒரு முறை மறைத்தேன், அன்று நடித்தேன். இரண்டில் எது பெரிய பாவம்?

சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போய்ப் பார்த்தேன். “சகோதரிக்கு உதவி செய்யத் தவறினேன்” என்று பொதுவாகச் சொன்னேன். சாமியார் ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். பாதியை மறைத்துவிட்டுப் பெற்ற மன்னிப்பு எதில் சேர்த்தி?

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு. எனக்கு அன்று தெரியாது என்று நம்புவதால்தான் என்மேல் அவளுக்கு மனக்கசப்பு இல்லை. பிறந்த வீட்டில் அவளுக்கு மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். அதையும் எதற்குப் பறிப்பது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அவளுக்காகத்தான் மறைக்கிறேனா? இல்லை, அவள் பாசத்தை விட மனமில்லாமல் மறைக்கிறேனா? பின்னதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கள் கடையில் ஹெட்போன்களும் விற்கிறோம். வீட்டிலிருந்து டி.ஜே. பழக எது நல்லது என்று பையன்கள் கேட்டு வருகிறார்கள். மூடிய வகையாகப் பார், ஒரு பக்கத்தைத் திருப்பி ஒற்றைக் காதில் கேட்க வசதி இருக்கட்டும், மண்டையை இறுக்காமல் மெத்தை தாராளமாக இருக்கட்டும், வெறும் பேஸ் அதிர்வதைக் கேட்டு ஏமாறாதே என்று அக்கறையாகச் சொல்லிக் கொடுப்பேன். நான் அதையெல்லாம் விட்டு நெடுநாள் ஆகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்திருந்தாள். இரண்டாம் நாள் காலை, கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“எனக்கும் நீ மாட்டிக்குவியே, அந்த மாதிரி ஹெட்போன் ஒண்ணு வாங்கிக் குடுடா. வெளிய என்னா சத்தம் போட்டாலும் கேக்கக் கூடாது.”

“எதுக்குக்கா?”

“அவரு கத்தறப்ப மாட்டிக்கலாம்னுதான்.” சிரித்தாள். “நீ குடுத்து வெச்சவன்டா. இந்த வூட்ல எதுவுமே காதுல வுழாம வளந்துட்ட.”

அன்று மாலையே கடையிலிருந்து ஒன்றைப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தேன். முழுதாக மூடுகிற வகை. மெத்தென்று இருக்கும், எவ்வளவு நேரம் போட்டாலும் வலிக்காது. நானே அவள் தலையில் மாட்டி, காதோரத்து முடியை ஒதுக்கி, அளவைச் சரி செய்து, போனில் ஒரு பாட்டை ஓட விட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இப்படி அவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அப்போதுதான், அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொன்னேன்.

“அக்கா... அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சுக்கா.”

அவள் கண்ணைத் திறந்தாள். என் உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டாள்போல. ஒரு காதை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “என்னடா?” என்றாள்.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவள் காது திறந்துதான் இருந்தது.

“ஒண்ணுமில்லக்கா. சவுண்டு போதுமான்னு கேட்டேன்.”

“நல்லா இருக்குதுடா” என்று சொல்லி மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.