ஸ்டோர் சுவரோரம் அடுக்கிய மண்

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அடிவாரத்துச் சிலமலை ஊரிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி, ஏலத்தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கடைசியில் மண் எடுக்கும் சோலியும் சேர்ந்தது. தேன்மொழி என்று ஒரு பிள்ளை கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தது. செடிக்குப் போட்ட யூரியா மழைக்குப் பிறகு எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அதன் படிப்பு.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்க கெடக்கு ஆத்தா. கோடையில சுருண்டுக்கிரும். முத மழை விழவும் முழிச்சு, யூரியாவ நைட்ரேட்டா மாத்திரும். அது தண்ணியோட வேரத் தாண்டிக் கீழ போயிரும்" என்றது.

முதல் மழையன்று பாதையில் மரம் விழுந்து, அந்தப் பிள்ளை வர முடியவில்லை. போனில் சொன்னபடி ஒரு அடி, இரண்டு அடி ஆழத்தில் மண் எடுத்துப் பைகளில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் ஐஸ் கரைந்து பைகள் தண்ணீரில் மிதந்தன. ஏலக்காய் ஈரத்தோடு கிடந்தால் கெட்டுப்போகும் என்று, பறித்ததும் ஸ்டோர் என்கிற உலர்த்தும் கட்டடத்தில் சூடு காட்டிக் காயவைப்போம். அந்தப் பழக்கத்தில் மண் பைகளையும் ஸ்டோரின் சூடான சுவரோரம் அடுக்கிவிட்டேன்.

காலையில் சூப்பர்வைசர் அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, ஐஸு ஐஸுன்னு அந்தப் பிள்ள அடிச்சுக்கிருச்சே. வெரசா எடுத்துப் பெட்டியில போடு. மண்ணு வாயத் தொறந்து சொல்லவா போகுது?"

போட்டேன். மத்தியானம் தேன்மொழி வந்து சிரித்த முகமாகப் பெட்டியை ஜீப்பில் ஏற்றியது. எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அது பெட்டியை ஜீப்பிலிருந்து கீழே இறக்கித் திறந்தது.

"சூட்டுல அந்த உயிர்க பைக்குள்ளயே வேலை பாத்திருக்கும் ஆத்தா. நைட்ரேட்டு மாறிருக்கும். இத அளந்து எழுதிருந்தா என் படிப்பே பொய்யாப் போயிருக்கும்."

பைகளை அவிழ்த்துச் செடிகளுக்கு அடியில் கொட்டியது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருசம் வீணாய்ப் போச்சு. அழுதது நான்தான்.

"அழுகாதீக. அடுத்த முத மழைக்கும் நீங்கதான் எடுக்கணும். வேற ஆளுன்னா தப்பு நடந்தாலும் எங்கிட்டச் சொல்லாது."

மறுவருசம் நானே எடுத்துக் கொடுத்தேன், அந்தப் பிள்ளை படிப்பை முடித்தது. அது கண்டுபிடித்ததை வைத்து இப்போது அந்தத் தோட்டத்தில் யூரியாவை மொத்தமாகப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போடுகிறார்கள். தெரியாமல் செய்த தப்பை அப்போதே சொல்லிவிட்டால் வேலை அடியோடு கெடாது என்று நான் கற்றுக்கொண்டேன்.

நைட்ரேட்டைப் பற்றி எழுதியது காதில் வாங்கியதுதான். விவரம் தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்த்து, பிசகு இருந்தால் திருத்திவிடுங்கள்.