கணினியில் நட்ட கதியால்

கணினி விளையாட்டுக்குப் புளொக் செய்து கொடுப்பது, பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருப்பது போலவே தெரிகிற ஒரு தொழில்.

மண், கல், மரம் எல்லாமே சதுரம் சதுரமான புளொக்காக இருக்கிற விளையாட்டு அது. ஆட்கள் அதில் கிண்டுவார்கள், அடுக்குவார்கள், வீடு கட்டுவார்கள். விளையாட்டோடு வராத புளொக் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்களிடம் சொல்லிச் செய்விப்பார்கள். நான் கொக்குவிலில் என் அறையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் பதினாறுக்குப் பதினாறு புள்ளியில் படம் கீறி, அது உடையுமா, எரியுமா, வளருமா என்று விதியும் எழுதிக் கொடுப்பேன். எட்டு வருடமாக இதுதான் வேலை. வீட்டிலிருந்து வேலை செய்து, கழுத்தும் பிடித்து, 'என்ன வேலை?' என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்லியும் களைத்துப்போனவர்களே, இது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு விளங்காது.

மாமியின் கணிப்பு

பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் காலை ஒரு படிவத்தை அச்சடித்துத் தரச் சொல்லி வந்தார். அப்போது ஒரு பனைமரக் குற்றியின் பட்டையைக் கீறிக்கொண்டிருந்தேன். திரை முழுக்க ஒரே சதுரம். அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன். நான்கு மணிபோல, முந்தி வாங்கின கிண்ணமொன்றைத் திருப்பித் தர மாமி மறுபடி வந்தார். பட்டையின் வெடிப்பு எனக்கு இன்னும் சரிவரவில்லை. காலையில் வெளிச்சம் இடமிருந்து விழுவதாகக் கீறியிருந்தேன், மதியம் அதை அழித்து வலமிருந்து விழ வைத்தேன், பிறகு பழையபடி இடப்பக்கத்துக்கே போனேன். மாமிக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. கொஞ்ச நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"காலமையும் உதே சதுரம், இப்பவும் உதே சதுரம். சும்மாதானே பிள்ளை இருக்கிறாய், ஒருக்கா வந்து என்ரை போனைப் பார்."

பையில் வந்த மண்

வதனி சண்டிலிப்பாய்ப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். நோர்வேயிலிருந்து சித்தப்பா குடும்பம் வர இருந்தது. சித்தப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரையே கண்டதில்லை. வருவதற்கு முன்பே அவர்கள் விளையாடிப் பழகட்டும் என்று, தங்கள் வீட்டு வளவை அப்படியே விளையாட்டுக்குள் செய்து தரும்படி வதனி கேட்டாள். பக்கத்துப் பக்கத்துக் காணிகள்: கிழக்கில் அவளுடைய அப்பாவினது, மேற்கில் சித்தப்பாவினது, நடுவில் ஒரு வேலி. வதனிக்கு அம்மா இல்லை. அதனால் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவும் சித்தியும்தான் தம்பதியாக நிற்க வேண்டும். அதையும் அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். கல்யாணச் செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மண் புளொக்கைப் படம் பார்த்துக் கீறி அனுப்பினேன். அடுத்த நாள் வதனியின் அப்பா சிவபாதம் ஐயா, வாழ்நாள் முழுக்கப் புகையிலையும் மரக்கறியும் செய்த மனிதர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "நீ கீறினது சுன்னாகத்து மண், பிள்ளை. எங்கடை மண் உவ்வளவு சிவப்பில்லை" என்றவர், ஒரு ஷொப்பிங் பையைத் திறந்து என் மேசையில், விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே, ஒரு குவியல் மண்ணைக் கொட்டினார். மண்ணைப் பார்த்துப் பார்த்து நிறம் சேர்த்தேன். ஒரு மணித்தியாலம் போனது. ஒருவாறு அவர் தலையை ஆட்டினார். அப்பாடா என்று நிமிர்ந்தேன். அவர் என் தேத்தண்ணிக்குள் விரலை விட்டு எடுத்து, அந்த மண்ணில் சொட்டினார்.

"இது காய்ஞ்ச மண். மழை பெய்தால் என்ன செய்வாய்?"

தளிர்க்காத வேலி

சித்தப்பா பரமநாதனை நான் பரமண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முடிந்த வளவைப் பார்த்துவிட்டு நோர்வேயிலிருந்து கதைத்தார். கிணறு பிரமாதம், வாழை பிரமாதம், ஆனால் வேலி செத்துப்போய் நிற்கிறதாம். எங்கள் ஊரில் வேலிக்குக் கதியால் என்ற பச்சைத் தடியைத்தான் நடுவார்கள், நட்டால் சில நாளில் தளிர்க்கும். நான் நட்டவை அசையாமல் நின்றன. அவை தளிர்க்க வேண்டும், பட்டுப்போனவை தானாக மறைய வேண்டும், அந்த இடத்தில் புதிது வர வேண்டும் என்றார்.

அந்த விதியை ஒரே பின்னேரத்தில் எழுதினேன். கழுத்து வலி. ஒரு மணித்தியாலம் மட்டும் ஓட விட்டுப் பார்த்தேன். தளிர்த்தது. அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்தேன். இவ்வளவும் ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் இது.

"தளிர்க்காட்டில் அது வேலியில்லை, தங்கச்சி. விறகு."

ஒரு புளொக் மிச்சம்

பிள்ளைகளுக்கென்று செய்த வளவில் பெரியவர்கள்தான் குடியேறினார்கள். சிவபாதம் ஐயா காலையில் நிஜத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிவிட்டு வந்து, வதனியின் ரப்லெற் கணினியில் மற்றத் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஆறு வாரம் கழித்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் சூடு. வேலிக்கும் தன் வாழைக்கும் இடையில் நாலு புளொக் இடம் இருந்ததாம், தான் எண்ணி வைத்ததாம், தம்பி கிழமைக்கு ஒரு புளொக்காக வேலியைக் கிழக்கே, அந்த வாழைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறானாம். தம்பியிடம் கேட்டாரா? கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் வேலியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டு, மேலதிகமாக இன்னும் ஒரு புளொக் மேற்கே தள்ளியும் வைத்திருக்கிறார். அந்த ஒன்று என்னத்துக்கு என்று கேட்டேன்.

"அவன் திரும்பத் தள்ளுவானெல்லே. அதையும் சேர்த்து இப்பவே எடுத்துப்போட்டன்."

உண்மை பேசிய பதிவேடு

அதே கிழமை பரமண்ணையும் எடுத்தார், வேலி தன் காணிக்குள் வந்து நிற்கிறதாம். வேலியை யார் தொட்டது என்று பார்க்க ஏலுமோ என்று கேட்டார். பார்க்கலாம். எந்தப் புளொக்கை எவர் உடைத்தார், எவர் வைத்தார் என்று விளையாட்டு ஒரு பதிவு வைத்திருக்கும். திறந்தேன். வேலியைத் தொட்டதாக ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, சிவபாதம், மேலிருந்து கீழ்வரை. கேட்டவர் வாடிக்கையாளர், நான் நேர்மைக்காரி. அப்படியே அனுப்பி வைத்தேன். என்னைப் போல விசரியும் உண்டோ?

"எனக்குத் தெரியும், தங்கச்சி. சின்ன வயசிலை போளைக் குண்டு அடிக்கிற காலத்திலையும் அவர் கோட்டைக் காலாலை அழிச்சுத் திருப்பிக் கீறிறவர்."

வதனியின் தொலைபேசி

பத்து நாளாக அண்ணனும் தம்பியும் கதைக்கவில்லை என்று வதனி சொல்லித்தான் தெரியும். அப்பா, தான் முதலில் எடுக்க மாட்டேன் என்கிறார். சித்தப்பா இன்னும் விமான ரிக்கெற் போடவில்லை. சித்தி கதைத்தால் 'பாப்பம் பிள்ளை' என்று மட்டும் சொல்கிறாவாம். கல்யாணத்துக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அவள் அழவில்லை. களைத்துப்போய்க் கதைத்தாள். அது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பதிவேட்டை அனுப்பியவள் நான்.

"அக்கா, ஒரு வேலிக்காக என்னைத் தாரை வார்க்க ஆளில்லாமல் போகப்போகுது."

ஜேர்மன்காரரின் பதில்

அந்தத் தளிர்க்கும் வேலியை நான் வேறு ஆட்களும் வாங்கட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தேன். ஒரு ஜேர்மன்காரர் வாங்கியிருந்தார். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே எழுதினார்: உங்கள் வேலி இடம் மாறுகிறது, பிழையைத் திருத்தவும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? வேலி தானாக இடம் மாறாது, பக்கத்துக் காணிக்காரரை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள் என்று மிகவும் மரியாதையாக எழுதினேன். எழுதும்போது எனக்கு அதில் ஒரு விசித்திரமும் தெரியவில்லை. வேலி நகர்ந்தால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வதனி கதைத்து வைத்த அடுத்த நாள் அவருடைய பதில் வந்தது. தமிழில் இப்படி வரும்.

"எனக்குப் பக்கத்துக் காணிக்காரர் எவரும் இல்லை. நான் தனியாக விளையாடுகிறேன்."

ஆளில்லாத உலகம்

இணுவிலில் இருக்கும் கஜன் என்னோடு வேலை செய்கிறவன். நான் செய்வதைச் சோதித்துப் பார்ப்பது அவன் பொறுப்பு. இந்த வேலியை மட்டும் நான் அவனுக்குக் காட்டாமலே அனுப்பியிருந்தேன். ஜேர்மன்காரரின் கடிதத்தோடு அவனிடம் போனேன். ஒருவரும் இல்லாத வெறும் நிலத்தில் நாலு கதியாலை நட்டு, விளையாட்டின் காலத்தை வேகமாக ஓட விட்டான்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புதுக் கதியால் பழையது நின்ற அதே இடத்தில் வர வேண்டும். நான் எழுதியதில் அது ஒரு புளொக் கிழக்கே வந்தது. பட்டுப்போனது தானாக மறைய வேண்டுமென்ற விதி மட்டும் சரியாக வேலை செய்தது. ஆக வேலி கிழமைக்கு ஒரு அடி எடுத்து வைத்துக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. தானாகப் போவதால் பதிவேட்டில் எவர் பெயரும் விழவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவ்வளவு வெட்கம். ஒரு ஜேர்மன்காரருக்கு உடனே தெரிந்தது, சண்டிலிப்பாயில் ஒருவருக்கும் இத்தனை கிழமையாக மனதில் படவில்லை, கொக்குவிலில் எனக்கும் படவில்லை.

"அக்கா, வேலியைத் தள்ளினது ஆரெண்டு நானும் ஒரு ஆளைத்தான் தேடியிருப்பன்."

சிவபாதம் ஐயாவின் தீர்ப்பு

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். பிழையை ஒப்புக்கொள்ளப் போகிறபோது பாதை நீளம். ஐயா கத்தரிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். வரம்பிலேயே இருந்து, ஆளில்லாத உலகத்தைத் திறந்து, நடக்கும் வேலியைக் காட்டினேன். பிழை என்னுடையது, தம்பியார் ஒன்றும் செய்யவில்லை என்று மூன்று தரம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேலி ஆறு அடி நடக்கும்வரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார்.

"நீ நல்ல பிள்ளை. அவனைக் காப்பாத்திறதுக்கு ஒரு வேலியையே நடக்கப் பழக்கிப்போட்டாய்."

நோர்வேயின் தீர்ப்பு

வீட்டுக்கு வந்ததும் பரமண்ணையைக் கூப்பிட்டேன். திருத்திய வேலியை அனுப்பிவிட்டேன், இனி அது நகராது, பழையதற்கும் நான்தான் காரணம், அண்ணை தன் பக்கத்துக்கு வந்ததைத்தான் பிடுங்கி நட்டார் என்று விளக்கினேன். அந்த மேலதிக ஒரு புளொக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் காலடியில், ஐயா வற்புறுத்தித் தந்துவிட்ட ஒரு பை நிறையக் கத்தரிக்காய் இருந்தது. அதை நான் சொல்லவுமில்லை, காட்டவுமில்லை. மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அண்ணையின்ரை கத்தரிக்காய் நல்ல ருசியெண்டு எனக்கும் தெரியும், தங்கச்சி."

நாடாவின் இரண்டு முனை

அடுத்த கிழமை சித்தப்பா ரிக்கெற் போட்டுவிட்டார் என்று வதனி சொன்னாள். மனம் மாறி அல்ல. விளையாட்டிலேயே இந்த அநியாயம் என்றால் நிஜக் காணியில் அண்ணை எவ்வளவு தள்ளியிருப்பார் என்ற யோசனை வந்துவிட்டதாம். காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தியே குடும்பத்தோடு வந்து இறங்கினார். என்னையும் வரச் சொன்னார்கள். சாட்சியாகவோ, குற்றவாளியாகவோ தெரியவில்லை.

அளவு நாடாவை ஒருவர் தனியாகப் பிடிக்க முடியாது. அண்ணன் எல்லைக் கல்லடியில் ஒரு முனையைப் பிடித்தார், தம்பி வேலியடியில் மற்ற முனையைப் பிடித்தார். "இழு." "இஞ்சாலை விடுங்கோ." "இறுக்கிப் பிடி, தொய்யுது." ஒரு மாதத்துக்கு மேல் கதைக்காதவர்கள் கதைத்த முதல் வார்த்தைகள் அவை. வதனி கிணற்றடியில் நின்று என் கையைப் பிடித்தாள். மூன்று தரம் அளந்தார்கள். உறுதியில் உள்ளபடியே வேலி நின்றது, ஒரு விரற்கடை கூட வித்தியாசம் இல்லை. இரண்டு பேர் முகத்திலும் ஏமாற்றம். சிவபாதம் ஐயா நாடாவைச் சுருட்டிக்கொண்டு மெல்ல என் பக்கம் திரும்பினார், "அப்ப பிள்ளை, பிழை உன்ரை பக்கம்தான்" என்றார். தம்பியாரும் என்னைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை, நானும் அதைத்தான் நினைச்சனான்."

என் பிழையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது, அதை வாடிக்கையாளர்கள் நம்புவதற்கு மட்டும் நோர்வேயிலிருந்து ஒரு குடும்பமே விமானம் ஏறி வர வேண்டியிருந்தது, நல்லகாலம், வந்தவர்கள் வதனியைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்கள்.